முற்றவெளியும் மண்டபமும்: காலி விளையாட்டரங்கு விவாதம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றுச் சின்னங்களைப் பேணுதல் பற்றி நம் நாட்டில் எழும் விவாதங்கள் பெரும்பாலும் கோயில், விகாரை, கோட்டை, கல்வெட்டு என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. மக்கள் கூடி விளையாடிய வெளிகளும், அவ்விளையாட்டுக்களைக் காண அமைந்த அரங்குகளும் வரலாற்றுச் சின்னங்களாக மதிக்கப்படுவது அரிது. அவற்றை இடிப்பதா, பேணுவதா என்ற வினா எழும்போது அது வரலாற்றாய்வாளரின் வினாவாக அன்றி, விளையாட்டு இரசிகரின் மனத்தாங்கலாக மட்டுமே கொள்ளப்படுகிறது. 2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் காலிச் சர்வதேச விளையாட்டரங்கு குறித்து எழுந்த சர்ச்சை இத்தகைய மனோபாவத்தை மீள்பரிசீலனை செய்ய வேண்டிய தேவையை உணர்த்திற்று. அச்சர்ச்சையின் வரலாற்றுப் பின்னணியை ஆராய்வதும், அதிலிருந்து மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தவராகிய நாம் பெறக்கூடிய படிப்பினைகளைச் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

காலிக்கும் பெரியகல்லாற்றுக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழலாம். ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் வாவியுமாக அமைந்த ஒடுங்கிய நிலத்தில் வாழும் மக்களுக்கு வெற்று நிலத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இங்கு ஒரு திடல் என்பது விளையாட்டிடம் மட்டுமன்று. கூத்துக் களரியும், கூட்ட மேடையும், இடர்க்காலத்தில் மக்கள் ஒன்றுசேரும் இடமும் அதுவே. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கல்லாறு, பாண்டிருப்பு, மருதமுனை உள்ளிட்ட இக்கரையோரத்தைத் தாக்கிய அதே ஆழிப்பேரலைதான் காலி விளையாட்டரங்கையும் சிதைத்தது. அந்தச் சிதைவிலிருந்தே இவ்விவாதமும் பிறந்தது.

1. கோட்டைக்கு முன்னிருந்த காலி

காலியின் வரலாறு ஐரோப்பியரோடு தொடங்குவதன்று. பதினான்காம் நூற்றாண்டில் இலங்கை வந்த அரபுப் பயணி இபுன் பதூதா இந்நகரைக் குறிப்பிடுகிறார். 1911ஆம் ஆண்டு காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த கற்பலகையொன்று கண்டெடுக்கப்பட்டது. அது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிற் பொறிக்கப்பட்டு 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த சாசனம் எனப் பின்னர் அறியப்பட்டது. சீனத் தளபதி செங் கேயின் கடற்பயணங்களோடு தொடர்புடைய அச்சாசனத்தின் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் எழுந்தருளிய தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமியப் பரம்பொருளையும் போற்றுகின்றன. இன்று கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கும் அக்கல், பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ் இக்கரையின் வணிக மொழிகளுள் ஒன்றாக விளங்கியமைக்குச் சான்றாகும்.

இச்சாசனத்தை ஈண்டு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இத்துணைச் சிறப்பு வாய்ந்த கல் பன்னெடுங்காலம் மதகொன்றை மூடும் பலகையாகவே பயன்பட்டது. அதனை அங்கு இட்டவர் அதன் மதிப்பை அறிந்திலர். எனவே ஒரு பொருள் மரபுரிமைச் சின்னமாவது அதன் இயல்பினால் மட்டுமன்று. அதனைக் காண்போரின் அறிவினாலும், அவ்வறிவை ஆக்கும் சமூக நிலைமைகளினாலுமே என்பது பெறப்படும். விளையாட்டுத் திடல்களுக்கும் இது பொருந்தும்.

போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டிற் காலியில் அமைத்த சிறு அரணை ஒல்லாந்தர் 1640ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கைப்பற்றினர். பின்னர் அவர்கள் முனை முழுவதையும் வளைத்துப் பெருங்கோட்டையாக விரிவாக்கினர். நிலப்புறத்தைக் காத்தவை சூரியன், சந்திரன், நட்சத்திரம் எனப் பெயர்பெற்ற மூன்று கொத்தளங்கள். 1796இற் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் காலிப் பழைய நகரையும் அதன் அரண்களையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஐரோப்பியர் அமைத்த அரண்சூழ் நகரங்களுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்பதே அதற்குக் கூறப்பட்ட அடிப்படை.

2. முற்றவெளி என்னும் கருத்து

கோட்டைச் சுவரின் வடபுறத்தே, கோட்டைக்கும் புதிய நகருக்கும் இடையில் அமைந்துள்ள வெளியே இன்றைய விளையாட்டரங்கு ஆகும். அவ்வெளி எவ்வாறு தோன்றியது என்பதை நோக்குதல் அவசியம். பீரங்கிக் காலத்துக் கோட்டைகள் அனைத்துக்கும் முன்னால் வெற்று நிலம் ஒன்று வேண்டப்பட்டது. வரும் பகைவன் மறைவதற்கு மரமோ வீடோ இருத்தல் ஆகாது. கொத்தளத்தினின்று சுடும் குண்டின் பாதை தடையின்றி இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கில் இத்தகைய நிலம் முற்றவெளி எனப்படுகிறது. வீட்டின் முற்றம் போலக் கோட்டையின் முற்றம் என்னும் இச்சொல், இராணுவத் தேவையொன்றை மக்கள் தம் வாழ்வின் மொழியிற் பெயர்த்துக்கொண்டமைக்குச் சிறந்த உதாரணம் எனலாம்.

இவ்வெளிகள் இயல்பாகவே வெறுமையாய் இருந்தவையல்ல. சென்னையை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1749இல் நகரை மீளப்பெற்ற ஆங்கிலேயர், புனித ஜோர்ஜ் கோட்டையின் வடசுவரை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்து வெளியாக்கினர். நெசவாளரும் வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த வீதிகள் பீரங்கிப் பார்வைக்காக அழிக்கப்பட்டன. அவ்வாறு பெறப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியிலேயே 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. கொழும்பின் காலிமுகத் திடலும் கோட்டைப் பீரங்கிகளுக்காகத் திறந்து வைக்கப்பட்ட நிலமே. அது ஆங்கிலேயர் காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாகவும் உலாவுமிடமாகவும் மாறியது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் முதல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த மக்கள் ஆட்சியாளரைப் பதவி விலகக் கோரித் தங்கியிருந்ததும் அத்திடலை அண்டியே என்பது வரலாற்றின் விசித்திரம். மக்களை விலக்கி வைப்பதற்கென ஆக்கப்பட்ட வெளி மக்கள் கூடும் வெளியாயிற்று.

யாழ்ப்பாண முற்றவெளியும் இத்தகைய பல அடுக்குகளைக் கொண்டது. கோட்டையின் முன்னே பொதுநூலகமும், முன்னாள் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கும் அமைந்துள்ளன. 1974ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சியில் உயிர்நீத்தோரின் நினைவுச் சின்னமும் அவ்வெளியிலேயே உள்ளது. 1999இல் அவ்விளையாட்டரங்கைத் திருத்தும் பணி நடைபெற்றபோது நிலத்தடியிலிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இந்திய அரசின் உதவியோடு புனரமைக்கப்பட்ட அரங்கு 2016 யூன் மாதத்தில் மீளத் திறக்கப்பட்டது. புல் மீண்டும் முளைத்துவிட்டது என்பதற்காக அதன் அடியிலிருந்தவை வரலாற்றிலிருந்து நீங்கிவிடா.

3. பந்தயத் திடலிலிருந்து விளையாட்டரங்கு வரை

காலி முற்றவெளி 1876ஆம் ஆண்டளவிற் குதிரைப் பந்தயத் திடலாகப் பயன்படலாயிற்று. 1892இற் பார்வையாளருக்கான நிலையான மண்டபமொன்று கட்டப்பட்டது. குடியேற்ற நாட்டு அதிகாரிகள், தோட்டத் துரைமார், அவரோடு உறவாடிய உள்ளூர் மேட்டுக்குடியினர் ஆகியோரின் பொழுதுபோக்குக்கு உரிய இடமாகவே அக்காலத்தில் அது விளங்கியது. காலப்போக்கிற் பந்தயங்கள் நின்றுபோகக் கிறிக்கெற் விளையாட்டு அவ்விடத்தைப் பெற்றது. 1927இல் அது கிறிக்கெற் மைதானமாக முறையாக அறிவிக்கப்பட்டது.

கிறிக்கெற் விளையாட்டு ஏகாதிபத்தியத்தின் பண்பாட்டுக் கருவியாகவே இந்நாட்டிற் புகுத்தப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆங்கிலக் கல்வி பெற்ற வகுப்பினரை ஆளுவோரின் ஒழுகலாறுகளிற் பயிற்றும் ஒரு முறையாகவும் அது அமைந்தது. எனினும் ஒரு பண்பாட்டு வடிவம் அதனைக் கொணர்ந்தோரின் நோக்கத்துக்குள்ளேயே என்றும் அடங்கி நிற்பதில்லை. பாடசாலைகளின் வழியாக அது நகரின் சாதாரண மக்களிடையே பரவிற்று. கோட்டைச் சுவரின் மேல் ஏறி நின்று நுழைவுக் கட்டணமின்றி ஆட்டத்தைக் காணும் வழக்கம் காலிக்கே உரிய சிறப்பாகும். ஒரு காலத்திற் சுதேச மக்களைக் குறிவைத்துப் பீரங்கி நின்ற அதே கொத்தளத்தில், பிற்காலத்தில் அம்மக்களே குடைபிடித்து அமர்ந்து ஆட்டம் பார்த்தனர். குடியேற்ற ஆட்சியின் முடிவை இதனினும் எளிமையாக உணர்த்தும் காட்சி வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

1998ஆம் ஆண்டு யூன் 3ஆம் நாள் நியூசிலாந்து அணியுடனான ஆட்டத்தோடு காலி மைதானம் ரெஸ்ற் போட்டிக் களமாயிற்று. 2010 யூலை 22ஆம் நாள் முத்தையா முரளிதரன் தமது எண்ணூறாவது ரெஸ்ற் விக்கெற்றை இந்தியாவுக்கு எதிராக இம்மைதானத்திலேயே பெற்றார். மலையகத் தமிழ்க் குடும்பமொன்றில் வந்த ஒருவர் இவ்விளையாட்டின் உச்சத்தைத் தென்னிலங்கையின் கடலோர மைதானமொன்றிலே தொட்டார் என்பதும், அங்குக் குழுமியிருந்தோர் அதனைத் தம் வெற்றியாகவே கொண்டாடினர் என்பதும் சமூக வரலாற்றாய்வாளர் கருத்திற் கொள்ளத்தக்கவை. குடியுரிமை மறுக்கப்பட்ட மக்கட் கூட்டமொன்றின் வரலாற்றை இவ்வொரு சாதனை ஈடுசெய்துவிடாது என்பதும் உடன் கூறத்தக்கதே.

4. பேரலையும் புதுக்கட்டடமும்

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கோட்டைக்குள்ளிருந்த பழைய நகரைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. ஒல்லாந்தரின் மதில் அலையைத் தடுத்தது. ஆனால் மதிலுக்கு வெளியேயிருந்த புதிய நகரும் மைதானமும் அழிவுக்குள்ளாயின. வெளியாக விடப்பட்டிருந்த தாழ்நிலம் கடலாயிற்று. அதன் பின்னர் நாடுகளிடையிலான உதவிகளோடு மைதானம் மீளமைக்கப்பட்டு, 2007 டிசெம்பர் மாதத்தில் இங்கிலாந்து அணியுடனான போட்டியோடு மீண்டும் திறக்கப்பட்டது.

இம்மீளமைப்பின் போது எழுந்த கட்டடங்களே சர்ச்சைக்கு வித்திட்டன. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் அதன் கீழமைந்த விதிகளும் புராதன சின்னங்களை அண்டிய நிலத்திற் கட்டடம் எழுப்புவதைக் கட்டுப்படுத்துகின்றன. கோட்டையைப் பேணுவதற்கென 1994இல் காலி மரபுரிமை மன்றத்துக்கான சட்டமும் இயற்றப்பட்டது. இவை இருக்கவும், பார்வையாளருக்கான உயர்ந்த மண்டபங்கள் கோட்டையின் தோற்றத்தை மறைக்கும் வகையில் எழுந்தன என்னும் குறை உலக மரபுரிமைக் குழுவின் கவனத்துக்கும் வந்தது.

2018 யூலை மாதத்தில், ஏறத்தாழ ஐந்நூறு இருக்கைகளைக் கொண்ட மண்டபம் உள்ளிட்ட அனுமதியற்ற கட்டடங்களாற் கோட்டை தன் உலக மரபுரிமைத் தகுதியை இழக்கக்கூடும் என்னும் எச்சரிக்கை பாராளுமன்றத்தில் வெளியாயிற்று. மண்டபத்தை இடிப்பது பற்றி அமைச்சர் மட்டத்திற் பேசப்பட்டது. மைதானமே இல்லாது போகும் என்னும் செய்தி உலகெங்கும் பரவிற்று. எதிர்ப்பு வலுத்ததன் பின், மைதானம் அகற்றப்படமாட்டாது என அரச தரப்பிலிருந்து கூறப்பட்டது. அதன் பின்னரும் ஆண்டுதோறும் ஆட்டங்கள் தொடர்ந்தன. 2025 யூன் மாதத்தில் வங்காளதேச அணியுடனான ரெஸ்ற் போட்டியும் அங்கு நடைபெற்றது.

இவ்விவாதத்தில் இரு தரப்புக்கள் தெளிவாகத் தென்பட்டன. கோட்டையே மூலச்சின்னம், மைதானம் பின்வந்த இடையூறு என்பது ஒரு தரப்பு. மைதானமே வாழும் சின்னம், கோட்டை அந்நியர் விட்டுச்சென்ற எச்சம் என்பது மறுதரப்பு. இரண்டும் ஒரே தவறைச் செய்தன என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கோட்டையும் வெளியும் ஒரே வரலாற்றுப் பொருளின் இரு கூறுகள் என்பதை இரு தரப்பும் காணத் தவறின. கோட்டை இல்லையேல் அவ்வெளி இல்லை. என்றோ அது கடைத்தெருவாகியிருக்கும். வெளி இல்லையேல் கோட்டையும் விளங்காது; அதன் கொத்தளங்கள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதற்கு அவ்வெளியே சான்று. எனவே மைதானம், அது மைதானமாக, அதாவது திறந்த வெளியாக, இருக்கும் வரை கோட்டைக்குப் பகையன்று. அதன் மீது எழுந்த மண்டபமே இரண்டுக்கும் பொதுவான பகை. அது கோட்டையை மைதானத்திலிருந்து மறைக்கிறது. மைதானத்தையும் கோட்டை மேல் நிற்கும் மக்களிடமிருந்து மறைக்கிறது.

5. பிறநாட்டு அனுபவங்கள்

இத்தகைய விவாதங்கள் உலகின் வேறு பகுதிகளிலும் எழுந்துள்ளன. அமெரிக்க மக்களின் பெருவிளையாட்டாகிய பேஸ்போல், அதாவது அடிபந்தாட்டம், தொடர்பான மூன்று அரங்குகளை ஒப்புநோக்குதல் பயன் தரும்.

பொஸ்ரன் நகரின் பென்வே அரங்கும் டெற்றோயிற் நகரின் ரைகர் அரங்கும் 1912 ஏப்பிரல் 20ஆம் நாள், ஒரே நாளில், தமது முதலாவது பெருஞ்சங்க ஆட்டங்களைக் கண்டவை. 1999ஆம் ஆண்டில் பென்வேயைக் கைவிட்டுப் புதிய அரங்கைக் கட்டும் திட்டத்தை அதன் உரிமையாளர் வெளியிட்டனர். நகர மக்களும் இரசிகர்களும் எதிர்த்தனர். 2002இல் உரிமை கைமாறியதன் பின் திட்டம் கைவிடப்பட்டு, பழைய அரங்கு படிப்படியாகச் செப்பனிடப்பட்டது. 2012இல், தன் நூற்றாண்டின்போது, அது அந்நாட்டின் வரலாற்றிடங்களின் தேசியப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது.

டெற்றோயிற்றின் கதை வேறு. மோட்டார்த் தொழிலின் வீழ்ச்சியோடு நலிந்த அத்தொழிலாளர் நகரில், ரைகர் அரங்கு 1999 செப்ரெம்பர் மாதத்தில் இறுதி ஆட்டத்தைக் கண்டு, ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்து, 2008இலும் 2009இலுமாக இடிக்கப்பட்டது. ஆனால் கட்டடம் போன பின்னும் திடல் எஞ்சியது. களை மண்டிய அத்திடலை அயலவர் தாமே முன்வந்து வெட்டித் துப்புரவாக்கி விளையாடி வந்தனர். 2018இல் அவ்விடத்தில் இளைஞருக்கான விளையாட்டிடம் திறக்கப்பட்டது. அரங்கைக் காக்க இயலாத மக்கள் அதன் வெளியைக் காத்தனர்.

மூன்றாவது, ரோக்கியோ நகரின் மெய்ஜி ஜிங்கு அரங்கு. 1926இல் திறக்கப்பட்ட இவ்வரங்கில் 1934ஆம் ஆண்டு அமெரிக்க வீரர் பேப் ரூத் ஆடினார். போருக்குப் பின் 1952 வரை அமெரிக்கப் படையினர் அதனைத் தம் வசம் வைத்திருந்தனர். அரங்கையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதியையும் மாற்றியமைத்து வானளாவும் கட்டடங்களை எழுப்பும் திட்டத்துக்கு 2023 பெப்ரவரியில் ரோக்கியோ பெருநகர அரசு அனுமதி வழங்கியது. இசையமைப்பாளர் றியூச்சி சகமோட்டோ தாம் இறப்பதற்குச் சின்னாட்களுக்கு முன் அத்திட்டத்தை எதிர்த்து நகர ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு செப்ரெம்பரில், நினைவுச்சின்னங்களுக்கான அனைத்துலகப் பேரவையும் அபாய அறிவிப்பை வெளியிட்டது. எனினும் 2024இல் மரங்களை வெட்டும் பணி தொடங்கியது. இங்கு விளையாட்டின் பெயரால் நிகழ்ந்தது நில வணிகமே எனலாம்.

இம்மூன்றிலிருந்தும் பெறப்படுவன சில. முதலாவது, ஓர் அரங்கின் தலைவிதியை அதன் பழைமையன்று, அது நிற்கும் நிலத்தின் விலையும் உடைமை உறவுகளுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. இரண்டாவது, பேணுவோர் வெற்றி பெற்ற இடங்களில் அவ்வெற்றிக்கு அடிப்படையாக அமைந்தது தொடர்ச்சியான பயன்பாடாகும். மூன்றாவது, கட்டடமும் திடலும் வெவ்வேறானவை. ஒன்று அழிந்த பின்னும் மற்றது வாழலாம்.

6. யாருடைய மரபுரிமை?

காலி விவாதத்திற் கேட்கப்படாத வினா ஒன்றுண்டு. மரபுரிமைச் சட்டம் மைதானத்தின் மண்டபத்தைச் சுட்டியபோது, கோட்டைக்குள் நிகழ்ந்த மாற்றங்கள் எத்துணை கவனத்தைப் பெற்றன? உலக மரபுரிமைத் தகுதி கிடைத்ததன் பின், கோட்டைக்குள் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றின் வீடுகள் உல்லாச விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழ் பேசும் சோனகர்களும் ஏனையோரும் வீடுகளை விற்று வெளியேறும் போக்கு வளர்ந்தது. சுவர்களும் கூரைகளும் செம்மையாகப் பேணப்பட்டன. சுவருக்குள் வாழ்ந்தோர் குறைந்தனர். மரபுரிமை என்பது சந்தைப் பண்டமாகும்போது, கல்லுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மனிதருக்குக் கிடைப்பதில்லை.

மறுபுறம், மைதானத்தைக் காக்க வேண்டும் என்றோர் யாவரும் மக்கள் நலன் கருதியே பேசினர் என்றும் கொள்ளுதல் இயலாது. இன்றைய கிறிக்கெற் தொலைக்காட்சி உரிமைகளாலும் விளம்பரத்தாலும் இயங்கும் பெருவணிகம். உயர்ந்த மண்டபத்தை வேண்டியது காலிப் பாடசாலை மாணவனல்லன். அனைத்துலகப் போட்டிகளின் வணிகமே. மைதானத்தை வேறிடத்துக்கு மாற்றலாம் என்போருக்கு அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ தக்க விடையாகும். 2011 உலகக் கிண்ணப் போட்டிகளை முன்னிட்டு, நகரங்களுக்குத் தொலைவில், பெரும் செலவில் எழுந்த அவ்வரங்கு பின்னர் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. மக்கள் நடந்து செல்லக்கூடிய தூரத்தில் இல்லாத மைதானம் மக்களின் மைதானமாவதில்லை.

7. வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தில் இவ்வினாக்கள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை இறுதியாக நோக்கலாம். புளியந்தீவில் 1628இற் போர்த்துக்கேயர் கட்டி, 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை, நெடுங்காலம் கச்சேரியாக இயங்கியமையாலேயே இடிபடாது நின்றது. பயன்பாடே அதனைக் காத்தது. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம் இதற்கு மற்றோர் உதாரணம். 2013இற் புதிய பாலம் திறக்கப்பட்டபோது பழைய இரும்புப் பாலம் பிரித்தெடுக்கப்படவில்லை. நடப்போருக்கென அருகிலேயே விடப்பட்டது. பழையதை இடித்தாலன்றிப் புதியது எழாது என்னும் வாதம் எப்போதும் உண்மையன்று என்பதை அவ்விரு பாலங்களும் அருகருகே நின்று உணர்த்துகின்றன. நகரிலுள்ள வெபர் விளையாட்டரங்கு, இப்பிரதேச இளைஞரின் விளையாட்டுப் பயிற்சிக்கு உழைத்த அமெரிக்க இயேசு சபைத் துறவியொருவரின் பெயரைத் தாங்குகிறது. அந்நியர் கொணர்ந்த விளையாட்டை மக்கள் தமதாக்கிக் கொண்ட வரலாறு இங்கும் உண்டு.

ஆயினும் இப்பிரதேசத்தின் தொன்மையான விளையாட்டு வெளிகள் இவையல்ல. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டு இங்குள்ள ஊர்களில் நெடுங்காலம் வழங்கியது. ஊரவர் கண்ணகி சார்பில் தென்சேரியாகவும் கோவலன் சார்பில் வடசேரியாகவும் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளைக் கொளுவிக் கயிறு பூட்டி, ஒன்று முறியும் வரை இழுப்பர். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் ஆடப்பட்ட இவ்விளையாட்டுக்கு ஒப்பானது பத்தினி வழிபாட்டோடு தொடர்புடையதாய்ச் சிங்கள மக்களிடையிலும் அங்கெலிய என்னும் பெயரில் வழங்கியது. இரு இனத்தவரும் ஒரே தெய்வத்தின் பெயரால் ஒரே விளையாட்டை ஆடினர் என்பது இன்றைய நிலையில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

கொம்புமுறிக்கு மண்டபம் இருந்ததில்லை. இருக்கை வரிசை இருந்ததில்லை. அதனைப் பாதுகாக்கும் சட்டமும் இருந்ததில்லை. அதற்கு வேண்டியிருந்தவை கோயில் முன்றிலின் மணற்பரப்பும் இரு பக்கமாகப் பிரிந்து நிற்க ஓர் ஊரும் மட்டுமே. இவ்விளையாட்டு அருகியபோது எந்தக் கட்டடமும் இடிபடவில்லை. ஆகவே எவரும் விவாதிக்கவுமில்லை. காலி மண்டபத்துக்காக எழுந்த குரல்களில் ஒன்றேனும் இத்தகைய வெளிகளுக்காக எழாமைக்குக் காரணம், நாம் மரபுரிமையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் மட்டுமே காணப் பழக்கப்பட்டமைதான். ஊர்த் திடல்கள் வேலியடைக்கப்பட்டும், கட்டடங்களுக்கென ஒதுக்கப்பட்டும் சிறிது சிறிதாகக் குறைவதை அபிவிருத்தி எனக் கொள்ளும் மனப்பாங்கும் இதன் விளைவே.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகளுக்கு வரலாம். முதலாவதாக, விளையாட்டரங்குகளைப் பேணுவது பற்றிய விவாதத்திற் கட்டடத்தையும் வெளியையும் பிரித்து நோக்குதல் வேண்டும். காலியில் முறையற்று எழுந்த மண்டபத்தை நீக்குவது மைதானத்தை அழிப்பதாகாது. மாறாக அதன் பழைய இயல்பை மீட்பதாகும். இரண்டாவதாக, ஓர் இடத்தின் வரலாற்றில் ஒரு காலகட்டத்தை மட்டும் தெரிந்தெடுத்து அதுவே உண்மையான மரபுரிமை என நிறுவுதல் அறிவியற் பண்பன்று. மும்மொழிச் சாசனத்தின் காலி, ஒல்லாந்தரின் காலி, பந்தயக் குதிரைகளின் காலி, பாடசாலை மாணவரின் காலி, பேரலையின் காலி ஆகிய அனைத்தும் ஒரே மண்ணின் அடுக்குகள். மூன்றாவதாக, இடிப்பதா பேணுவதா என்னும் தீர்மானம் அமைச்சரவைகளிலும் அனைத்துலகக் குழுக்களிலும் மட்டும் எடுக்கப்படலாகாது. அவ்வெளியை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு அதில் உரிய பங்கு வேண்டும்.

முற்றவெளி, ஆட்சியாளர் தம் அச்சத்தினால் உண்டாக்கிய வெறுமை. அதனைத் தம் கால்களால் நிரப்பியவர் மக்கள். கோட்டையைக் கட்டியவரின் பெயரும் மண்டபத்தைத் திறந்து வைத்தவரின் பெயரும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. வெளியை வெளியாகவே காத்து வந்தோரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்தம் வரலாற்றை எழுதுவதும், நம் ஊர்களில் எஞ்சியுள்ள திடல்களைப் பதிவுசெய்வதும் இனிவரும் ஆய்வாளரின் கடமையாகும். அப்பணி காலியிற் போலவே பெரியகல்லாற்றிலும் காலந்தாழ்த்தாது தொடங்கப்பட வேண்டியதொன்று.